போனில் பேசினேன், சரியாகிவிட்டது என்றார்

இது நடந்தது. கேட்டவர்கள் எல்லாரும் முதலில் சிரித்தார்கள், நீங்களும் சிரித்துக்கொள்ளலாம். ஆனால் இதில் ஒரு வார்த்தைகூட நான் கூட்டி எழுதவில்லை. நான் எழுதிய ஒரு பொய்யால்தான் எனக்கு இது நேர்ந்தது. அதற்குப் பிறகு எழுத்தில் பொய் சொல்ல எனக்குக் கை வருவதில்லை.

பேய் என்றால் நடுராத்திரி, ஊளையிடும் நாய், அணைந்துபோகும் விளக்கு என்று எதிர்பார்க்கிறவர்கள் மன்னிக்கவேண்டும். இது ஞாயிற்றுக்கிழமை. பட்டப்பகல். மணி இரண்டு. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

என் வேலை நெட்வொர்க். ஒரு ஸ்கேன் நிறுவனத்தில். தலைமை அலுவலகம் ஓர் ஊரில், கிளை முந்நூறு கிலோமீட்டர் தள்ளி இன்னோர் ஊரில். கிளையில் படம் எடுப்பார்கள். டாக்டர் எங்கள் கட்டடத்தின் மூன்றாம் மாடியில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து என்ன வியாதி என்று எழுதுவார். இரண்டு ஊருக்கும் நடுவே இன்டர்நெட் வழியாக ஒரு விபிஎன் இணைப்பு. நாங்கள் டன்னல் என்போம். ஊரார் கண்ணில் படாமல் நம் சரக்கு மட்டும் போய்வர ஒரு தனிச் சுரங்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படமெல்லாம் அதில்தான் வரும். கிளையிலுள்ள மேஜைப் போன்களும் அதில்தான் ஓடும். டன்னல் அறுந்தால் அங்கே போனும் ஊமையாகிவிடும்.

அங்கே ஸ்கேன் எடுத்தவர் ஒரு பெண்மணி. நாற்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். நான் நேரில் பார்த்ததில்லை. எல்லாரும் ஸ்கேன் அக்கா என்பார்கள், நானும் அப்படியே. அவருடைய போன் எண் 431.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு ஏழு வாரத்துக்கு முன் அக்காவிடமிருந்து முதல் புகார் வந்தது. 'நாலு நிமிஷத்தில் போகும் படம் ஐம்பது நிமிஷம் ஆகிறது. பார்க்கவும் தம்பி.' எங்கள் கம்ப்யூட்டரில் புகாருக்கென்று ஒரு பக்கம் உண்டு. அதன் அடியில் 'முடிந்தது' என்று ஒரு பொத்தான். சட்டம் என்னவென்றால், புகார் செய்தவரிடம் பேசி, அவர் என்ன சொன்னார் என்று எழுதிய பிறகுதான் அதை அழுத்தவேண்டும்.

நான் ஒரு பிங் அனுப்பிப் பார்த்தேன். 'இருக்கிறாயா?' என்று அந்தப் பக்கத்தைக் கேட்டு வரும் சின்னத் துணுக்கு அது. ஓடிப்போய் ஓடி வந்தது. போன்களும் நன்றாகப் பேசின. லைன் நன்றாகத்தான் இருக்கிறது, அந்த அம்மாவுக்குத்தான் பொறுமை இல்லை என்று முடிவு கட்டினேன். எழுதினேன்: 'போனில் பேசினேன், சரியாகிவிட்டது என்றார்.' பொத்தானை அழுத்தினேன்.

பேசவில்லை. சும்மா எழுதினேன்.

ஒருமுறை பழகிவிட்டால் பொய்க்குக் காலே தேவையில்லை, சக்கரம் முளைத்துவிடும். அடுத்தடுத்த புகார்களுக்குப் புதிதாக எழுதக்கூட இல்லை. பழைய வரியை எடுத்து ஒட்டினேன். என் போனில் 431 என்று மின்னும், எடுக்கமாட்டேன். எடுத்தால் பேசவேண்டும், பேசினால் பார்க்கவேண்டும். அக்கா சளைக்கவில்லை. ஏழு வாரத்தில் பதினோரு புகார். ஒன்றில்கூட ஒரு கோபச் சொல் கிடையாது. எல்லாவற்றிலும் 'தம்பி'தான்.

பதினோராவது புகார் வந்தது ஒரு திங்கட்கிழமை. மாலை 6:52. 'ஒரே ஒரு டெஸ்ட் படம் மட்டும் போகமாட்டேன் என்கிறது. இன்றைக்கே பார்த்துவிடுங்கள் தம்பி. ரொம்ப அவசரம்.'

டெஸ்ட் படம் என்றால் மெஷின் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க எடுப்பது. நோயாளி பெயர் இருக்காது. மற்ற படமெல்லாம் போன பிறகு கடைசியில்தான் அதன் முறை வரும். அதற்கு என்ன அவசரம் என்று பக்கத்து நாற்காலிக்காரனிடம் சொல்லிச் சிரித்தேன். மறுநாள், செவ்வாய், மாலை 4:40க்கு ஒரு கையில் டீ டம்ளருடன் அதே வரியை ஒட்டி முடித்தேன்.

புதன்கிழமை காலை எல்லாருக்கும் ஒரு மெயில் வந்தது. ஸ்கேன் அக்கா இறந்துவிட்டார். தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்கவில்லை. செவ்வாய் விடியற்காலையில் உயிர் போயிருக்கிறது.

செவ்வாய் விடியற்காலை... நான் அவரிடம் பேசியதாக எழுதியது செவ்வாய் மாலை.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். குறுகுறுப்பெல்லாம் இல்லை, அறுத்தது. அந்தப் பதினோரு புகாரையும் மறுபடி மறுபடி படித்தேன். கடைசியில், என்றைக்கோ திறக்காமல் விட்ட மெயில் ஒன்று கண்ணில் பட்டது. இன்டர்நெட் கம்பெனி அனுப்பியது. கிளையின் லைனை வேறு வகைக்கு மாற்றுகிறோம், உங்கள் பக்க அமைப்பையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள் என்று இரண்டே வரி. தேதியைப் பார்த்தேன். ஏழு வாரத்துக்கு முன்.

எப்படியாவது சரிசெய்துவிடுவது என்று தீர்மானித்தேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கும் கதைதான், தெரியும். டன்னலைக் கொஞ்ச நேரம் அறுக்கவேண்டியிருக்கும் என்பதால் விடுமுறை நாளாகப் பார்த்தேன். கிளையின் காவலாளியை செல்போனில் பிடித்து, ஞாயிறு இரண்டு மணிக்குக் கதவைத் திறந்து, முன்னறை போன் பக்கத்தில் இருக்கச் சொன்னேன். டன்னலின் அந்த முனையைத் தாங்கும் பெட்டியை ரவுட்டர் என்போம், அந்த ஊர் ரவுட்டர் பழசு. அமைப்பை இங்கிருந்தே மாற்றலாம், ஆனால் அங்கே ஓர் ஆள் கையால் அணைத்துப் போட்டால்தான் அது ஏற்கும்.

"ஞாயித்துக்கெழமை கூடவா? உங்க ஆபீஸ்ல நீங்க ஒருத்தர்தான் இருக்கீங்களா?" என்றாள் என் மனைவி. செருப்பை மாட்டினேன்.

1:41. அலுவலகத்தில் ஈ காக்கை இல்லை. நாற்காலிகள் எல்லாம் மேஜைக்குள் தள்ளப்பட்டிருந்தன. சர்வர் அறையின் ஏசி மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

முதல் வேலையாகப் பிங் அனுப்பினேன். இந்த முறை சின்னத் துணுக்காக இல்லை. படம் போகும்போது எவ்வளவு பெரிய துண்டாகப் போகுமோ அவ்வளவு பெரியதாக. போனது. திரும்பவில்லை. இன்னொன்று. திரும்பவில்லை. எட்டு எழுத்து அளவு குறைத்தேன்.

திரும்பியது.

அவ்வளவுதான் கோளாறு. புது லைனின் வாசல் பழையதைவிட எட்டு எழுத்து குறுகல். டன்னலில் போகும் ஒவ்வொரு துண்டுக்கும் மேலே ஓர் உறை சுற்றுவோம். முன்பு உறையோடு சரியாக நுழைந்தது, இப்போது இடித்தது. இடித்ததை உடைத்து அனுப்ப, பாதி வழியிலேயே தொலைய, மறுபடி அனுப்ப... அதனால்தான் நாலு நிமிஷம் ஐம்பதானது. குரல் சின்னத் துண்டு, தப்பித்துப் போய்விடும். பிங்கும் அப்படியே. படம்தான் மாட்டிக்கொள்ளும்.

மணியைப் பார்த்தேன். 1:52. பதினோரு நிமிஷம். ஏழு வாரமாக அவர் கேட்டது என்னுடைய இந்தப் பதினோரு நிமிஷத்தைத்தான். மேஜையில் தலை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

முகத்தைக் கழுவிவிட்டு வந்து இரண்டு பக்க அமைப்பையும் மாற்றினேன். துண்டின் அளவைக் குறைத்து எழுதினேன். 2:10க்குக் கிளையின் முன்னறைக்குப் போன் போட்டேன். அதன் எண் 430.

பாதி மணியிலேயே எடுத்தார்கள்.

"ஹலோ." பெண் குரல்.

"காவலாளி இல்லையாம்மா?"

"இன்னும் வரல. சொல்லுங்க தம்பி, என்ன செய்யணும்?"

துப்புரவுக்கு வரும் அம்மாவாக இருக்கும் என்று நினைத்தேன். அப்போதுதான் என் போனின் சின்னத் திரையைப் பார்த்தேன். நான் அழுத்தியது 430. அதில் இருந்தது 431.

சில நேரம் ஓர் அறையின் போனை இன்னோர் அறையில் எடுப்பதுண்டு. அதற்கும் பொத்தான் இருக்கிறது. அப்படித்தான் சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

குரலுக்குப் பின்னால் ஒரு சத்தம் கேட்டது. டொக்... டொக்... டொக்... ஸ்கேன் மெஷின் ஓடும்போது வரும் தட்டல்.

"மெஷின் ஓடுதா? இன்னைக்கு லீவாச்சே?"

"ஒரே ஒரு ஆளு தம்பி. ஆறு நாளாச்சு. இன்னும் முடியல."

ஆறு நாளா? எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்தேன். வேலையை முடித்துவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது.

"அம்மா, சுவரோரம் ஒரு கறுப்புப் பெட்டி இருக்கும். மூணு பச்ச லைட்டு..."

"தெரியும் தம்பி. ரவுட்டர். நடு லைட்டு மட்டும் ஏழு வாரமா மஞ்சளாத்தான் எரியுது."

ரிசீவரை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அத... அணைச்சுட்டு, பத்து எண்ணிட்டு, திரும்பப் போடுங்க."

"சரி."

சுவிட்ச் சத்தம் கேட்டது. டக்.

2:14. என் திரையில் டன்னல் சிவப்பானது. கிளையின் எல்லாக் கட்டமும் ஒவ்வொன்றாகச் சிவந்தது. கம்ப்யூட்டர்கள். பிரின்டர். போன்கள். இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை, இணைப்பு இல்லை.

"ஒண்ணு..." என்றது குரல்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ரெண்டு... மூணு..."

நிதானமான குரல். படுத்திருக்கும் நோயாளியிடம் 'மூச்சைப் பிடிங்க' என்று சொல்லிப் பழகிய குரல்.

"நாலு... அஞ்சு..."

டொக்... டொக்... டொக்...

"ஆறு..."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டன்னல் அறுந்திருக்கிறது. அங்கே போன் செத்திருக்கவேண்டும்.

குரல் எந்த வழியாக வருகிறது?

ரிசீவரைக் காதிலிருந்து எடுக்க நினைத்தேன். கை வரவில்லை.

"ஏழு... எட்டு..."

போன் வயரைப் பிடித்து இழுத்தேன். சுவரிலிருந்து கழன்று என் கையோடு வந்தது. போனின் திரை அணைந்தது.

"ஒம்போது..."

காதுக்குள் கேட்டது.

"பத்து. போட்டுட்டேன் தம்பி."

டக்.

அந்த ரவுட்டர் எழுந்து நிற்க எப்போதும் மூன்று நிமிஷம் ஆகும். அன்றைக்கு அந்த நொடியே திரை முழுக்கப் பச்சை. 2:14. நிமிஷம்கூட மாறவில்லை.

"நீங்க... யாரு?" என்றேன்.

"நாம இதுவரைக்கும் பேசினதே இல்லையே தம்பி. குரல் எப்படித் தெரியும்?"

கையிலிருந்த வயரைப் பார்த்தேன்.

"ஆனா பதினோரு தடவ பேசினதா எழுதியிருக்கீங்க."

கோபம் இல்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

திரையில் படங்கள் வரத் தொடங்கின. சனிக்கிழமையிலிருந்து தேங்கிக் கிடந்தவை. ஒன்று... இரண்டு... ஐந்து. ஒவ்வொன்றும் நாலு நிமிஷம்கூட இல்லை. நான் உட்கார்ந்தே இருந்தேன். ஓடியிருக்கலாம். அந்தப் படங்கள் வந்து சேரும்வரை எழுந்திருக்க எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

2:31. வரிசையில் கடைசியாக ஒன்று. திங்கட்கிழமைப் படம்.

பெயர்: டெஸ்ட்.

பத்து சதவீதம்...

நாற்பது...

தட்டல் சத்தம் வேகமானது. டொக் டொக் டொக் டொக்.

எண்பது...

நூறு.

தட்டல் நின்றது.

"வந்துடுச்சா?"

"வந்துடுச்சு... அக்கா."

"டாக்டர பாக்கச் சொல்லுங்க."

"சொல்றேன்."

"இப்ப எழுதிக்கோங்க தம்பி. போன்ல பேசினேன்னு."

அதற்குப் பிறகு காதில் ஒன்றுமில்லை.

எப்படிப் படியிறங்கினேன் என்று தெரியாது. தெருவில் வெயிலில் நின்றுகொண்டிருந்தேன். மணி 2:36. பற்கள் அடித்துக்கொண்டன. ரிசீவரை இன்னும் கையில் பிடித்திருந்தேன். சுருள் வயர் அறுந்து தொங்கியது. தெருவில் போனவர் ஒருவர் என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, சாலையின் அந்தப் பக்கம் மாறிப் போனார்.

4:20க்கு என் செல்போன் அடித்தது. காவலாளி.

"மன்னிச்சுக்கோங்க சார், பஸ்ஸே கெடைக்கல. இப்பத்தான் கதவத் தொறக்கறேன். அந்தப் பொட்டிய அணைக்கணும்னீங்களே, அணைக்கட்டுமா?"

"ஸ்கேன் ரூம்ல யாரு இருக்கா?"

"அது பூட்டிக் கெடக்கு சார். அந்த ரூம் போனக்கூட வியாழக்கெழமையே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்களே."

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டர் என் மேஜைக்கே இறங்கி வந்தார். அவர் கீழே இறங்கி நான் பார்த்ததே இல்லை.

"இந்த டெஸ்ட் படம் யாரோடது? தலையில ஒரு ரத்தக்குழாய் வீங்கி வெடிக்கிற மாதிரி நிக்குது. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூப்பிடுங்க. எப்ப எடுத்தது இது?"

"போன திங்கக்கெழம சார். சாயந்தரம்."

டாக்டர் என்னைப் பார்த்தார். "அன்னைக்கு ராத்திரியே வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

கிளையில் அக்காவுக்கு உதவியாக இருந்த பெண்ணைப் பிடித்தோம். போனில் அழுதுகொண்டே சொன்னாள். வேலை செய்கிறவர்கள் அனுமதி இல்லாமல் தங்களுக்கே ஸ்கேன் எடுத்துக்கொள்ளக்கூடாது. அதனால், தலைவலி தாங்காத அக்கா, வேலை நேரம் முடிந்த பிறகு மெஷினில் தானே படுத்துக்கொண்டு, இவளைப் பொத்தானை அழுத்தச் சொல்லியிருக்கிறார். பெயர் போடாமல் டெஸ்ட் என்று போடச் சொன்னதும் அவர்தான். டாக்டர் ராத்திரி எல்லாப் படத்தையும் ஒரு பார்வை பார்ப்பார், ஏதாவது இருந்தால் கூப்பிட்டுச் சொல்வார் என்று நம்பியிருக்கிறார். படம் போகவில்லை. ஒன்பது மணிவரை அந்தத் திரை முன் உட்கார்ந்திருந்துவிட்டு, 'தம்பி பாத்துக்கும்' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்.

தம்பி பாத்துக்கும்.

அன்றே மேலாளருக்குக் கடிதம் எழுதினேன். பதினோரு பதிவும் பொய். அவர் உயிரோடு இருந்தவரை ஒருமுறைகூட நான் அவரிடம் பேசவில்லை, பேசியது ஞாயிற்றுக்கிழமைதான். வந்த மெயிலைத் திறக்கவில்லை. தவறு முழுக்க என்னுடையது. என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்கிறேன். எழுதி முடித்ததும், பல நாள் கழித்து முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. அவர் வீட்டாரிடமும் போய்ச் சொல்லிவிடவேண்டும், அவர்கள் அடித்தால் வாங்கிக்கொள்ளவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

மேலாளர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். எங்கள் போன் கணக்கில் எல்லா அழைப்பும் பதிவாகும். குரலும் சேர்ந்து. வியாழக்கிழமை மாலை என்னை அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். கடிதம் மேஜைமேல் இருந்தது.

"ஞாயித்துக்கெழம நீ கிளைக்குப் பேசினதா எந்தப் பதிவும் இல்லப்பா. அத விடு. முதல் பத்துப் புகாருக்கு நீ பேசல. உண்மைதான். அதுக்கு எச்சரிக்கைக் கடிதம் தரேன், இனிமே செய்யாத. ஆனா அந்தக் கடைசிப் புகாரு... அதுலதானே உனக்கு இவ்வளவு பாரம்? அதுக்கு நீ பேசியிருக்கியே."

"இல்ல சார். பேசல."

"செவ்வாய் சாயந்தரம் 4:40. உன் போன்லேருந்து 431க்கு. அம்பத்திரண்டு செகண்டு."

"சார், அவங்க அன்னைக்கு விடியக்காலையிலயே..."

"ஆமா, அந்தப் போன வேற யாரோ எடுத்திருப்பாங்க. நீயே கேளு."

கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். முதலில் கரகரப்பு. பிறகு என் குரல். சந்தேகமே இல்லை, நான்தான். டீயை உறிஞ்சும் சத்தம்கூடக் கேட்டது.

"அக்கா, ஸ்பீடு எப்படி இருக்கு?"

"சரியாயிடுச்சு தம்பி."

அந்தக் குரல். பத்துவரை எண்ணிய அதே குரல்.

"அப்ப முடிச்சுடட்டுமா அக்கா?"

மறுபடி கரகரப்பு. பிறகு, மெதுவாக...

"முடிச்சுட்டீங்களே தம்பி."

பதிவு நின்றது. மேலாளர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"கேட்டியா? அந்தப் பக்கத்துலேருந்தே சொல்லிட்டாங்க, முடிஞ்சதுன்னு. அப்புறம் எதுக்குப்பா இந்த லெட்டரு?"

கடிதத்தை மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.